கை கடுக்குது என்றவர்: மாற்றுச் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை அளந்தபோது நேர்ந்த ஒரு பிழை

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில், அதாவது கதிரியக்க மருந்து செலுத்திப் படம் எடுக்கும் இடத்தில், ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். இங்கே எழுதுவது சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் நடந்தது. நோயாளி யாரென்று தெரியாதிருக்க வயது, தொழில் போன்றவற்றை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையிலும் எடுத்த முடிவுகளிலும் கை வைக்கவில்லை. பிழையில் பெரும்பங்கு என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

அவர் ஐம்பதுகளின் நடுவில் இருந்த தமிழர். டெலிவரி வேன் ஓட்டியவர். நீரிழிவு இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட, எட்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து பிஸ்டுலா வைத்திருந்தார்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, ஊசி போடக்கூடாது. டயாலிசிஸில் இருப்பவர்கள் அந்தக் கையைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். ஆக, எல்லாக் குத்தலும் வலது கைக்குத்தான். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதானது.

ஒரு நாள் இரவு அழைப்பு வந்தது. இறந்த ஒருவரின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியிருக்கிறது, உடனே வாருங்கள் என்று. சிங்கப்பூரில் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1970இல் நடந்தது. அதுவும் இறந்தவர் ஒருவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம்தான். 1987இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபின், மறுப்புத் தெரிவிக்காதவர்களின் உறுப்புகளை இறப்புக்குப் பின் எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. தொடக்கத்தில் அது விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கு மட்டும். வரம்புகள் பிறகு விரிந்தன. ஆனாலும் காத்திருப்பு ஆண்டுக் கணக்கில்தான். எட்டு ஆண்டு காத்திருந்தவருக்கும் அவர் மனைவிக்கும் அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

புதுச் சிறுநீரகத்தை வலது அடிவயிற்றில், காலுக்குப் போய்வரும் ரத்தக் குழாய்களான இலியாக் தமனியோடும் சிரையோடும் தைத்தார்கள். பழைய சிறுநீரகங்கள் அவற்றின் இடத்திலேயே இருந்தன. பொதுவாக அவற்றை எடுப்பதில்லை. எடுத்த இடத்திலிருந்து தைத்த இடம் வரை, ஐஸில் இருந்த நேரம் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். இறந்தவரிடமிருந்து வரும் சிறுநீரகம் சில நாள் வேலை செய்யாமல் கிடப்பது வழக்கமானதுதான். வார்டில் அவர் மனைவியிடம், "கிட்னி தூங்குதும்மா, எழுந்திரிக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் மதியம்

முதல் இரவு மணிக்கு 50 மி.லி. அளவில் சிறுநீர் வந்தது. இரண்டாம் நாள் காலையில் அது 10 ஆனது. மதியம் 5. சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள், உப்புநீர் விட்டுக் கழுவினார்கள், அடைப்பு இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் அறுவைக்கு முன் லிட்டருக்கு 850 மைக்ரோமோல், இப்போது 790. டயாலிசிஸ் செய்துவிட்டு அறுவைக்குப் போனவருக்கு இது நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.

ஒரு மணிக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். வயிற்றில் காற்று, காயத்தின் மேல் கட்டு, சுற்றிலும் வீக்கம். முக்கியத் தமனியில் ஓட்டம் தெரிந்தது. உள்ளே கிளைகளில் மங்கல். சிரை சரியாகக் கிடைக்கவில்லை. உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

மருத்துவர்கள் முன்னால் இருந்தவை மூன்று. ஒன்று, குளிரில் கிடந்ததால் சிறுநீரகத்துக்குள் சிறுநீரைக் கொண்டுபோகும் நுண்குழல்களுக்கு ஏற்பட்ட காயம். இது தானாக ஆறும், பொறுத்திருந்தால் போதும். இரண்டு, உடல் புது உறுப்பை நிராகரிப்பது. மூன்று, தமனியிலோ சிரையிலோ ரத்தம் உறைந்து அடைத்திருப்பது. மூன்றாவதாக இருந்தால் உடனே மறுபடி திறக்க வேண்டும். உடல் சூட்டில், ரத்தம் இல்லாமல் சிறுநீரகம் அதிக நேரம் தாங்காது. முதலாவதாக இருந்தால் திறப்பது வீண் வேலை மட்டுமல்ல. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் ஓடும் உடம்பில், இரண்டு நாள் ஆன காயத்தை மறுபடி கிழிப்பது தொற்றை வரவேற்பதுதான்.

சிடி ஸ்கேன் எடுத்தால் ரத்தக் குழாய் தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்குச் செலுத்தும் அயோடின் சாயம் தள்ளாடும் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல என்ற தயக்கம் அவர்களுக்கு. கதிரியக்க டிரேசருக்கு, அதாவது ரத்தத்தில் விட்டு அதன் கதிரைக் கேமராவால் பின்தொடரும் மருந்துக்கு, அந்தக் குறை இல்லை; செலுத்தும் மருந்தின் எடை மிக மிகக் குறைவு, சிறுநீரகத்துக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதனால் மூன்று மணிக்கு எங்களுக்குப் போன் வந்தது. கேட்டது ஒரே கேள்வி: ரத்தம் உள்ளே போகிறதா, இல்லையா?

அளப்பது என்றால் எதை

இங்கே கொஞ்சம் நின்று விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பிழை எங்கே நுழைந்தது என்பது புரியாது.

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றுக்குப் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல். அதில் பிளாஸ்மா மட்டும் 600 மி.லி. அளவு. இதை உடம்பைத் திறக்காமல் எப்படி அளப்பது? ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரின் வழி எளிமையானது. சிறுநீரகம் ஒரே சுற்றில் ஏறக்குறைய முழுதாகப் பிடித்து வெளியேற்றிவிடும் ஒரு பொருளை ரத்தத்தில் விட வேண்டும். அது எவ்வளவு வேகமாக ரத்தத்திலிருந்து மறைகிறதோ, அவ்வளவு ரத்தம் சிறுநீரகத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள். அவர் பயன்படுத்திய பாரா-அமினோ ஹிப்யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் ஒரு சுற்றில் 90 சதவீதம் அளவுக்குப் பிடித்துவிடும். மீதிப் பத்து தப்புவதால்தான் கிடைக்கும் எண்ணுக்கு 'செயல்படு பிளாஸ்மா ஓட்டம்' என்று பெயர் வைத்தார்கள். 'செயல்படு' என்ற அந்த அடைமொழிக்குள் பல சமாதானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது என் கருத்து.

இதே ஹிப்யூரிக் குடும்பத்துப் பொருளில் அயோடின்-131 ஏற்றி 1960 வாக்கில் ஹிப்புரான் என்ற டிரேசர் வந்தது. அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டு நாள், கதிரும் பலமானது, படம் சுமார்தான். 1986இல் வந்த மேக்3 என்ற டிரேசர் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதில் ஏற்றுவது டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் ஆறு மணி நேரம், கதிரின் ஆற்றல் கேமராவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மேக்3ஐச் சிறுநீரகம் ஒரு சுற்றில் பாதி அளவு பிடிக்கும். வடிகட்டுதலை மட்டும் நம்பிப் போகும் டிடிபிஏ என்ற மற்றொரு டிரேசர் ஐந்தில் ஒரு பங்குதான் பிடிபடும். அதனால் வேலை குறைந்த சிறுநீரகத்துக்கு மேக்3 நல்ல தேர்வு.

கேமராவில் இதை இரண்டு விதமாகப் பார்க்கிறோம். ஒன்று, முதல் ஒரு நிமிடத்தில் நொடிக்கு ஒரு படமாக எடுத்து, மருந்து தமனியில் வந்து சேருவதையும் சிறுநீரகத்தில் நுழைவதையும் பார்ப்பது. மாற்றுச் சிறுநீரகம் என்றால் இலியாக் தமனி ஒளிர்ந்த சில நொடிகளில் அதுவும் ஒளிர வேண்டும், ஏறக்குறைய அதே அளவு பளிச்சென்று. தமனியிலும் சிறுநீரகத்திலும் ஒளி நொடிக்கு நொடி மாறுவதை வரைந்தால் இரண்டு வளைவுகள் கிடைக்கும்; அவற்றின் பரப்பை வகுத்து 'ஓட்டக் குறியீடு' என்று ஒரு எண்ணாகச் சொல்லும் முறையை 1978இல் லண்டனில் ஹில்சனும் உடன் வேலை பார்த்தவர்களும் வெளியிட்டார்கள். எண் கூடக் கூட ஓட்டம் மோசம். மற்றொன்று, இரண்டு மூன்று நிமிடத்தில் சிறுநீரகம் எவ்வளவு மருந்தைப் பிடித்திருக்கிறது என்று எண்ணி, செலுத்திய மொத்த அளவால் வகுப்பது. அதிலிருந்து பிளாஸ்மா ஓட்டத்தை மென்பொருள் கணக்கிட்டுக் கொடுக்கும்.

இரண்டுமே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நம்பி நிற்கின்றன: மருந்து முழுதாக, ஒரே வீச்சில் ரத்தத்துக்குள் போனது என்பதை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நூறு காவடிகள் ஒரே கூட்டமாகக் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வாசலில் நின்று, கூட்டம் எப்போது வந்தது என்று பார்த்தே வழியில் நெரிசலா இல்லையா என்று சொல்லிவிடலாம். கிளம்பும்போதே ஒன்றிரண்டாக, இடைவெளி விட்டுக் கிளம்பியிருந்தால்? வாசலில் நிற்பவருக்கு வழி அடைத்திருப்பது போலத்தான் தெரியும். முப்பது காவடி கிளம்பவே இல்லை என்றால் அவர் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஊசி போட்ட அந்த நிமிடம்

நான்கு மணிக்கு அவரைப் படுக்கையோடு கொண்டு வந்தார்கள். மேக்3 தயாராக இருந்தது, கதிரியக்க அளவில் 200 மெகா பெக்கெரல். மருந்தறையில் அதைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து ஏற்ற வேண்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த, போன் வந்த உடனேயே தொடங்கச் சொல்லியிருந்தேன். அவசரம் எல்லார் முகத்திலும் இருந்தது.

சாதாரணச் சிறுநீரக ஸ்கேனுக்குக் கேமரா முதுகுப் பக்கம். மாற்றுச் சிறுநீரகம் முன்னால் இருப்பதால் கேமராவை வயிற்றுக்கு மேல் இறக்கி, மகாதமனியின் அடிப்பகுதி, இரண்டு இலியாக் தமனி, சிறுநீரகம், சிறுநீர்ப்பை எல்லாம் படத்துக்குள் வருகிறதா என்று சரிபார்த்தேன். கைகள் படத்துக்கு வெளியே.

ஊசிக்கு வழி? இடது கை தொடக்கூடாது. வலது முழங்கை மடிப்பு முழுக்க நீலம் பாரித்திருந்தது. இரண்டு நாளாகக் குத்தியதன் பலன். வலது புறங்கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன 'பிளக்' இருந்தது. சிரை ஊசிக்குழாயை இங்கே பிளக் என்றுதான் எல்லாரும் சொல்வோம். மஞ்சள் என்றால் இருப்பதிலேயே மெல்லிய அளவுகளில் ஒன்று. குழந்தைகளுக்கும் நல்ல சிரை கிடைக்காத பெரியவர்களுக்கும் போடுவது. போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சக ஊழியர் 5 மி.லி. உப்புநீர் விட்டுப் பார்த்தார், போனது. "ஓகேவா?" என்றார் என்னைப் பார்த்து. கழுத்தில் இருந்த பெரிய குழாயைக் கேட்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். தொற்று பயத்தில் வார்டில் அதைத் தொட விடமாட்டார்கள், கேட்டு அனுமதி வாங்க அரை மணி நேரம் ஆகும். சரி என்று தலையாட்டிவிட்டு கன்சோல் அறைக்குப் போனேன்.

சக ஊழியருக்குத் தமிழ் தெரியாது. மருந்தைச் செலுத்தும்போது அவர் வழக்கப்படி ஆங்கிலத்தில் வலிக்கிறதா என்று கேட்டார். "நோ பெயின், நோ பெயின்" என்றார் நோயாளி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கும் அது கேட்டது. அதற்கு முன்னால் அவர் தமிழில் முனகியது எனக்குக் கேட்கவில்லை.

எண்களும் படமும்

தமனியின் வளைவு ஒரு கூரான முள் மாதிரி ஏறி இறங்க வேண்டும். திரையில் வந்தது மேடு. இருபது நொடிக்கு மேல் நீண்ட, சோம்பலான மேடு. சிறுநீரகத்தின் வளைவு அதைவிடச் சோம்பல்; ஒரு நிமிடம் முடிந்தும் ஏறிக்கொண்டே இருந்தது. நான் வட்டங்களைப் போட்டேன்: தமனிக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. மென்பொருள் எண்களைக் கொடுத்தது. ஓட்டக் குறியீடு வழக்கமான எல்லையைத் தாண்டி வெகு மேலே. செயல்படு பிளாஸ்மா ஓட்டம் படுபாதாளத்தில்.

இங்கே நான் செய்ததுதான் இந்த நிகழ்வின் மையம். படங்களை மருத்துவர் பார்க்குமுன், அறுவைப் பிரிவிலிருந்து வந்த போனை நானே எடுத்தேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். "முதல் எண்கள் ரொம்ப மோசம், டாக்டர் இன்னும் பார்க்கவில்லை" என்றேன். அந்த முனையில் இருந்தவர் காதில் முதல் பாதி மட்டும் நின்றது. மறுபடி திறக்க ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இருபது நிமிடப் படம் முடிவதற்குள் எங்கள் அணு மருத்துவர் வந்துவிட்டார். எண்களை அவர் பார்க்கவே இல்லை. படங்களை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, "சிறுநீரகத்தை விடு. தமனி ஏன் இப்படி நொண்டுகிறது?" என்றார். பிறகு ஐந்தாம் நிமிடப் படத்தைக் காட்டினார். வலது அடிவயிற்றில் அவரை விதை வடிவம் சுற்றுப்புறத்தைவிட நன்றாகவே ஒளிர்ந்தது. ரத்தமே போகாத சிறுநீரகம் அப்படி இருக்காது. சுற்றிலும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு கருப்புப் பள்ளம், அவ்வளவுதான் தெரியும். எண் இல்லை என்கிறது, படம் உண்டு என்கிறது.

நான் வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் திருநீற்றுப் பொட்டலம். உள்ளே அழைத்துப் போனதும் கணவரிடம் குனிந்து என்னவோ கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, கை கடுக்குதுங்கிறார். மருந்து ஏத்தும்போதே சொன்னாராம்."

"அங்கிள், வலி இல்லன்னு சொன்னீங்களே?"

"வலி இல்லப்பா. கடுக்குது. உள்ளுக்குள்ள கனமா, சில்லுன்னு. மருந்து அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

போர்வையை விலக்கினேன். புறங்கையில் மணிக்கட்டுப் பக்கம் தோல் உப்பியிருந்தது, பாதி வெட்டிய எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்தது போல. தொட்டால் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சி. அது சிரைக்குள் போக வேண்டிய உப்புநீர். அதோடு எங்கள் மருந்தும்.

கேமராவைக் கைக்கு நகர்த்தினோம். அன்று மதியம் முழுக்க நாங்கள் பார்த்த எல்லாவற்றிலும் பளிச்சென்றது அந்தக் கைதான். கொடுத்த அளவோடு ஒப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்கு மருந்து தோலுக்கடியில் தங்கியிருந்தது.

இதோடு எல்லாம் விளங்கிவிட்டது. வகுத்தல் கணக்கில் கீழே போட்ட 200 பொய். மீதி மருந்தும் ஒரே வீச்சில் போகவில்லை. கசிந்து கசிந்து போயிருக்கிறது. மேடாகிப் போன தமனி வளைவில் உச்சி எது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. இரைச்சலில் துள்ளிய ஒரு புள்ளியை உச்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கையிலிருந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் சேர்ந்த மருந்தால் சிறுநீரகத்தின் வளைவு கடைசி வரை ஏறிக்கொண்டே போனதும் புரிந்தது. இந்தக் கடைசி விஷயம் சங்கடமானது: நுண்குழல் காயத்திலும் வளைவு அப்படித்தான் ஏறும். பிழை நோயின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எண்ணைத் திரும்பப் பெற்றோம். தியேட்டருக்குப் போன் செய்து, "நான் சொன்ன எண் தவறு, ஊசி வெளியே போயிருக்கிறது" என்று நானே சொன்னேன். அடுத்த முனையில் சில நொடி அமைதி. பிறகு மருத்துவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவர் சொன்னது இரண்டே வாக்கியம்: ரத்தம் உள்ளே போகிறது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியும், எவ்வளவு போகிறது என்று இந்த ஸ்கேனை வைத்துச் சொல்லவே முடியாது.

அறுவை மருத்துவர் உடனே சமாதானமாகவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று சொன்னவர்கள் இப்போது வேறு சொல்கிறார்கள், எதை நம்புவது? அவர் தியேட்டரைக் கலைக்காமல் நிறுத்தி வைத்தார். மூத்த கதிரியக்க மருத்துவர் வந்து டாப்ளரை மறுபடி எடுக்கட்டும், அது வரை காத்திருக்கலாம் என்று முடிவானது. அன்று எடுத்ததிலேயே நல்ல முடிவு இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆறரை மணிக்கு எடுத்த டாப்ளரில் தமனி, சிரை இரண்டும் திறந்திருந்தன. உள்ளே தடை அதிகம், ஆனால் ஓட்டம் இருந்தது. தியேட்டர் கலைந்தது.

அன்றிரவே டிரேசரை மறுபடி செலுத்த வேண்டாம் என்பது எங்கள் முடிவு. முதல் மருந்து சிறுநீரகத்திலேயே தேங்கி ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் புது மருந்தின் முதல் வருகையைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். டாப்ளர் அவசரத்தைத் தணித்துவிட்டதால் காத்திருக்க முடிந்தது. டெக்னீசியத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் பதினாறு மணி நேரம் கடந்துவிடும். இருந்ததில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கையை உயர்த்தி வைத்து, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தார்கள். டெக்னீசியம் கசிந்த இடத்தில் தோல் புண்ணாகும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் எங்கள் இயற்பியலாளர் தோலுக்குப் போன கதிர் அளவைக் கணக்கிட்டுப் பதிவு செய்தார். அவர் மனைவி கேட்டது வேறு: "நாளைக்கு மறுபடியும் போட்டா புதுக் கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதே?" உடம்புக்குப் போகும் கதிர் ஒரு முறைக்குச் சுமார் ஒன்றரை மில்லிசீவர்ட், உலகச் சராசரியாகப் பார்த்தால் ஒருவர் சும்மா இருந்தாலே ஓர் ஆண்டில் இயற்கையிலிருந்து அதைவிட அதிகம் வாங்குகிறார் என்று விளக்கினேன். என்ன நடந்தது, யார் தவறு என்பதையும் அப்போதே சொன்னேன். "சரி தம்பி, நாளைக்கு நீங்களே பக்கத்துல நில்லுங்க" என்றார்.

மறுநாள் காலை

வலது முன்கையில், அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடி, ஒரு நல்ல சிரையில், மஞ்சளைவிடப் பெரிய இளஞ்சிவப்பு பிளக் போட்டார்கள். மருந்துக்கு முன் ஒரு நிமிடம் வெறும் படம் எடுத்தோம், முதல் நாள் மிச்சத்தைக் கழிப்பதற்கு. உப்புநீர் 10 மி.லி. விட்டபோது என் விரலைச் சிரையின் மேல் வைத்திருந்தேன். "கடுக்குதா அங்கிள்?" "இல்ல." மருந்தை விட்டு, அதன் பின்னாலேயே 20 மி.லி. உப்புநீரை ஒரே தள்ளில் செலுத்தினோம்.

தமனி முள் மாதிரி ஏறி இறங்கியது. மூன்று நொடி கழித்துச் சிறுநீரகம் ஒளிர்ந்தது, தமனிக்குச் சற்றே குறைந்த பளிச்சில். அப்புறம் வளைவு இறங்கவே இல்லை. இருபது நிமிடமும் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. சிறுநீர்ப்பையில் ஒன்றும் வரவில்லை. ரத்தம் வருகிறது, மருந்தைப் பிடிக்கிறது, ஆனால் வெளியேற்றத் தெம்பில்லை: நுண்குழல் காயத்தின் பாடநூல் படம். கடைசியில் கையையும் ஒரு படம் எடுத்தோம். அங்கே ஒன்றும் இல்லை.

அதன் பிறகு

நிராகரிப்பு இல்லை என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏழாம் நாளும் சிறுநீர் கூடாததால் பயாப்சி எடுத்தார்கள், அதாவது சிறுநீரகத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தார்கள். நுண்குழல்களில் காயம்; நிராகரிப்பின் அடையாளம் இல்லை. இடையில் மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்கள். அதுவும் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்துதான்.

பதினோராம் நாள் 300 மி.லி., பதின்மூன்றாம் நாள் ஒன்றரை லிட்டர். மூன்று வாரம் ஆகுமுன் வீட்டுக்குப் போனார். மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினின் 140இல் நின்றது. கை வீக்கம் இரண்டு நாளிலேயே வடிந்துவிட்டது. தோலில் எந்தத் தடமும் இல்லை.

மாற்றியவை

உள் ஆய்வில் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நான் சொன்னதெல்லாம் எழுதப்பட்டது, நான் கேட்டவற்றில் பாதி நடந்தது.

ஓட்டம் பார்க்கும் ஸ்கேனுக்குப் புறங்கை மஞ்சள் பிளக் இப்போது ஏற்கப்படுவதில்லை. வார்டிலிருந்து கிளம்புமுன்பே நல்ல சிரையில் பிளக் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் போட்டுக்கொள்கிறோம், பத்து நிமிடம் தாமதமானாலும். ஸ்கேன் முடிந்ததும் ஊசி போட்ட இடத்தை ஒரு நிமிடப் படம் எடுப்பது கட்டாயம். அந்தப் படம் இல்லாமல் எண்களைத் திறக்க முடியாதபடி வேலை வரிசையை மாற்றிவிட்டோம். தமனியின் வளைவு எத்தனை நொடி அகலம் என்பது அறிக்கையின் முதல் வரியில் வருகிறது. அது அகலமாக இருந்தால் கீழே குறியீடு எதுவும் வராது. மருத்துவர் பார்க்காத எண்ணை யார் கேட்டாலும் போனில் சொல்வதில்லை. எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இது, பிறகு பிரிவின் விதியானது.

வலி பற்றிய கேள்வியையும் மாற்றினோம். தமிழில் வலி வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு, குத்தல் வேறு. எல்லாவற்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அதுவும் நம் பெரியவர்களிடமிருந்து, அதுவும் மருத்துவமனையில். மலாய்க்காரச் சக ஊழியர் ஒருவர், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'லெங்கு' என்பார்கள், அதையும் யாரும் வலியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றார். இப்போது சுவரில் நான்கு மொழியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கை கனக்கிறதா, குளிர்கிறதா, கடுக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். பதில் எதுவானாலும் போர்வையை விலக்கிக் கையைத் தொட்டும் பார்க்கிறோம்.

நடக்காதது ஒன்று உண்டு. அறுவை முடிந்த மறுநாளே, பிரச்சினை இருக்கிறதோ இல்லையோ, எல்லா மாற்றுச் சிறுநீரகத்துக்கும் ஒரு அடிப்படை ஸ்கேன் எடுத்து வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். அது இருந்திருந்தால் அன்று மதியம் ஒப்பிட ஒரு வளைவு கையில் இருந்திருக்கும். செலவு யார் கணக்கில், வலியோடு இருப்பவரை எல்லாம் கீழே கொண்டுவருவதா என்ற கேள்விகளில் அது நிற்கிறது. கடைசியாக நடந்த கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.